பிந்திப் பேசுவான் என்று எத்தனை நாள் இருப்பது?

நான் பிறந்தது பாம்பன். வேலை மண்டபம் வட்டாரத்தில். 19 வருஷமாக, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராகப் பள்ளிக்கூடங்களுக்கும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பிள்ளைகளின் பேச்சு, படிப்பு, மனசு பற்றியவைதான் அதிகம். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டுப் பதில் தருகிறேன்.

*

டீச்சர், என் மகனுக்கு மூணேகால் வயசு. ஒன்றரை வயசில் ‘அம்மா’, ‘பூ’ என்று சொன்னான். அப்புறம் அதுவும் நின்றுபோச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தண்ணி வேணும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான். ரயில் சத்தம் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடிவிடுவான். ‘இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை பிந்தித்தான் பேசும்’ என்கிறார் மாமியார். நான் சமைக்கும்போது போனைக் கொடுத்து உட்கார வைப்பேன். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதா?
— ஒரு தாய், பாம்பன்

தங்கச்சி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். உங்களால் ஆனது இல்லை. அதை இன்றைக்கே மனசிலிருந்து இறக்கி வையுங்கள்.

அடுத்தது, காது. எந்தப் பிள்ளை பேசவில்லை என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது ‘காதுக்கு டெஸ்ட் எடுத்தீர்களா’ என்றுதான். ரயில் சத்தத்துக்கு ஓடுகிறான், அதனால் காது கேட்கிறது என்று நினைப்பீர்கள். ரயில் வரும்போது தரையே அதிரும். அந்தக் கனத்த ஓசை கேட்கிற பிள்ளைக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஓசைகள் கேட்காமல் இருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தம்பிக்குக் காது கேட்கவில்லை என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்தபோது அவனுக்கு ஏழு வயசு. அதுவரை அவனை மந்தம் என்றோம், பிடிவாதம் என்றோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ‘பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் உட்கார வைத்துவிடுவாள். காக்கா விரட்டுவது அவன் வேலை. காக்கா கத்துவது அவனுக்குக் கேட்கவே இல்லை என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி, அதாவது காது கேட்க வைக்கும் கருவி, பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. அந்த வயசு தாண்டுவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பிந்திப் பேசிய பிள்ளைகள் உண்டு, அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். நிலாவை விரல் நீட்டிக் காட்டுவார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்புவது, ஒன்றரை வயதுக்குள் சில சொற்கள், இரண்டு வயதில் ‘பால் தா’ போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது, இவை வரவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு நின்றுபோயிருக்கிறது. இதில் பொறுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

எங்கே போவது? அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வண்டியில் வருவார்கள். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை அவர்கள் பார்க்க வேண்டும். அவர்களிடம் சீட்டு வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். குழு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம், நேராகவே போகலாம். குழந்தை மருத்துவர், காது மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். ஆட்டிசமா, காதா, வேறா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும், கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. ஒருவேளை ஆட்டிசம் என்றால், அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. போன் பார்ப்பதாலும் வராது, தடுப்பூசியாலும் வராது, தாய் கொஞ்சாததாலும் வராது. போனில் ஒரே நஷ்டம், அதைப் பார்க்கிற நேரமெல்லாம் அவனோடு யாரும் பேசாத நேரம். அந்த அளவுக்குக் குறைத்தால் போதும்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் எதுவோ, பொரிகடலை என்று வைத்துக்கொள்வோம், அதை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி அவன் கையில் கொடுங்கள். திறக்கப் பார்ப்பான், முடியாது. உங்கள் கையை இழுத்து மூடியின் மேல் வைப்பான். அங்கேதான் நாம் எல்லோரும் அவசரப்பட்டுத் திறந்துவிடுகிறோம். திறக்காதீர்கள். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, சிரித்த முகமாக, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் இதைச் செய்தபோது அந்த அம்மாவால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை, கை தானாக மூடிக்குப் போனது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு எண்ணும்போது பிள்ளை மூடியிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு நொடிதான். ‘திற’ என்று நான் சொல்ல, அம்மா திறந்தார். ஐந்தாவது நாள், முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை அவரிடம் நீட்டினான். பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாயிலிருந்து இல்லை.

‘சொல்லு சொல்லு, அம்மா சொல்லு’ என்று மட்டும் நச்சரிக்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், ஒரு சொல், அந்த நேரத்துக்கு உரிய சொல். ‘திற.’ ‘தண்ணி.’ ‘ரயில்.’

ரயிலை எழுதினீர்களே, அதற்குத்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வருகிற கடிதங்கள் எல்லாம் பிள்ளை என்னென்ன செய்யவில்லை என்பதாகவே இருக்கின்றன. ரயில் அவனுக்கு உயிர் என்றால் நமக்குப் பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தைக் காட்டுங்கள். ரயில் வருவதற்கு முன்னால் ‘ர...’ என்று இழுத்துவிட்டு நிறுத்துங்கள். மிச்சத்தை அவன் ஒருநாள் முடிப்பான். பாம்பனிலேயே இன்னொரு பையன் இப்படித்தான் ரயில் நேரம் தவறாமல் வாசலில் நிற்பான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்று, வண்டியெல்லாம் மண்டபத்தோடு திரும்பியபோது, அந்த நேரம் வந்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கயிறு கட்டினார்கள். நான் ஒரு தாளில் பாலம் வரைந்து, மேலே ரயில் வரைந்து, ரயிலின் மேல் பெருக்கல் குறி போட்டு அவன் கண் மட்டத்தில் ஒட்டினேன். தினமும் அந்த நேரத்தில் விரல் வைத்துக் காட்டி ‘ரயில் இல்லை’ என்றோம். மூன்று வாரத்தில் முட்டுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது அந்தத் தாளைக் கிழித்தது அவன்தான்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் பட அட்டைகளில் ஆப்பிளும் பனிமனிதனும் இருக்கும். நம் பிள்ளைக்கு அதுவா தெரியும்? உங்கள் வீட்டுக் குடம், உங்கள் வீட்டுத் தட்டு, அவன் சட்டை, நெத்திலிக் குழம்பு, இவற்றைப் போனிலேயே படம் எடுத்து ஸ்டூடியோவில் கழுவி வாங்கி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கரையில் இருப்பார். இந்தப் பத்து எண்ணும் வேலையை அவரிடமும் கொடுங்கள். வலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள், அம்மாக்களைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

*

நான் நாட்டுப்படகுத் தொழிலாளி. மகன் ஐந்தாம் வகுப்பு. ஏலத்தில் மீன் விலையை மனசாலேயே கூட்டிச் சொல்லிவிடுவான், கணக்கு தப்பாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி வாசிக்க அரை மணி நேரம். எழுதினால் எழுத்து விட்டுப்போகுது, மாறிப்போகுது. ‘சோம்பேறி’ என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களாம். பள்ளிக்குப் போகும் நாளெல்லாம் வயிறு வலிக்கிறது என்கிறான். பேசாமல் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடவா?
— ஒரு தகப்பனார், தேவிபட்டினம்

கூட்டிக்கொண்டு போகாதீர்கள் தம்பி, இப்போது வேண்டாம். கடல் கேவலம் என்பதால் சொல்லவில்லை, நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவள்தான். ‘எனக்குப் படிப்பு வராது’ என்கிற எண்ணத்தோடு அவன் படகில் ஏறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வாயால் கணக்குச் சொல்கிற பிள்ளை, எழுத்தில் திணறுகிறான் என்றால் அது சோம்பல் இல்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்பார்கள். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தின் உருவத்தையும் அதன் ஓசையையும் மூளை சட்டென்று இணைக்க முடியாமல் தடுமாறுகிறது, அவ்வளவுதான்.

தமிழில் அந்தத் தடுமாற்றம் எங்கே வரும் என்று பாருங்கள். ‘கொக்கு’ என்று எழுத வேண்டும். வாய் முதலில் சொல்வது ‘க்’. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காது கேட்கும் வரிசை ஒன்று, கண் பார்க்கும் வரிசை இன்னொன்று. கொம்பில் ஒரு சுழி கூடினால் ‘கோ’. கால் விட்டுப்போனால் ‘கெ’. மேலே புள்ளி விட்டுப்போனால் ‘பட்டு’ வேறு ஏதோ ஆகிவிடும். ‘காகம்’ என்றால் முதல் க ஒரு மாதிரியும் இரண்டாவது க வேறு மாதிரியும் ஒலிக்கும், எழுத்து என்னவோ ஒன்றுதான். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, ல, ள, ழ, ர, ற. நமக்கெல்லாம் இது பழகிப்போனதால் கஷ்டம் தெரிவதில்லை. 247 எழுத்தையும் ஒரே மூச்சில் தலையில் ஏற்றினால் இந்தப் பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள்.

நான் செய்வது இது. ஈரமணலில் எழுத வைப்பேன், ஒரு நாளைக்கு ஒரே எழுத்து, பெரியதாக, முழங்கை அசைய. எழுதும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய வலை நூலைப் பசை தடவி அட்டையில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ‘ண’வா ‘ன’வா என்று சொல்ல வைப்பேன். வலையில் கண்ணி எண்ணிப் பழகிய விரல்கள், சுழியையும் எண்ணிவிடும். எழுத்து பிடிபட்ட பிறகு இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள், அவன் வாயில் புழங்குகிறவை: வலை, சூடை, நண்டு, காற்று. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தினமும் வேண்டும்.

பாடத்தை யாராவது வாசித்துக் காட்டட்டும், அவன் கேட்டுப் பதில் சொல்லட்டும். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அறிவியலையும் வரலாற்றையும் அவனிடமிருந்து ஏன் பிடுங்க வேண்டும்?

வயிற்றுவலி நடிப்பு இல்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள், சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல். மீன் கணக்கு போடுகிறானே, அதைச் சொல்லுங்கள். எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் என்னைப் போல ஒரு சிறப்பாசிரியர் இருப்பார். தலைமையாசிரியர் மூலமாக அவரை வரச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்கிற 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஒருவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. பத்தாவது வந்த பிறகு அலைந்தால் நேரம் பத்தாது. இப்போதே தொடங்குங்கள்.

*

பேத்திக்கு மூன்று வயது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு மாதமாக ‘நா நா நான்’ என்று திக்குகிறாள். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள்.
— ஒரு தாத்தா, தொண்டி

ஐயா, வசம்பு வேண்டாம். பேச்சு வேகமாக வளர்கிற இந்த வயதில் பல பிள்ளைகள் திக்குவார்கள், பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகும். ‘மெதுவாச் சொல்லு’, ‘திரும்பச் சொல்லு’ என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவள் முடிக்கும் வரை கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, பேச வரும்போது முகத்தை இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்றாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் திக்கல் இருந்தால் ஆறு மாதம்கூடப் பொறுக்க வேண்டாம்.

*

என் வீட்டுக்காரர் போன படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதம் சிறையில் இருந்து வந்தார். மகளுக்கு ஏழு வயது. அவர் வந்த பிறகும் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம், வீட்டில் பேசுகிறாள். ராத்திரி படுக்கையில் ஒன்னுக்குப் போய்விடுகிறாள். அவர் கடலுக்குப் போகிற நாள் காலையில் வாந்தி எடுக்கிறாள். கோவிலில் மந்திரித்துவிட்டோம், கேட்கவில்லை.
— ஒரு தாய், ராமேசுவரம்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் கரையில் இப்படி எத்தனை வீடு. பிடிபட்ட படகைப் பற்றிப் பேசுகிறோம், அந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் எழுதினீர்களே அம்மா, நல்லது.

அப்பா பிடிபட்ட நாட்களில் அவளிடம் என்ன சொன்னீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ‘அப்பா ஊருக்குப் போயிருக்கார்’ என்பார்கள். பள்ளியிலோ தெருவிலோ யாரோ ‘உங்கப்பாவ ஜெயில்ல போட்டுட்டாங்க’ என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் சொன்னது ஒன்று, வெளியில் கேட்டது ஒன்று. வெளியே வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கு இருக்கலாம். இப்போதாவது நடந்ததை நடந்தபடி, அவள் வயசுக்குத் தகுந்த மாதிரி, அப்பாவே சொல்லட்டும். எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார், யாரோடு இருந்தார், எப்படி வந்தார். அழுகை வந்தால் வரட்டும்.

‘இனிமேல் ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அது நம் கையில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பதில், கையில் இருப்பதைச் சொல்லுங்கள். நாட்காட்டியை அவள் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள்தான் தொழில், அந்த நாட்களில் அவளே ஒரு படகு வரையட்டும். காற்று அடித்து, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை என்றால் வரைந்த படகின் மேல் கோடு போட்டு அடித்துவிடட்டும். கரைக்கு வந்ததும் அப்பா முதலில் அவளுக்குப் போன் செய்யட்டும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் செய்யட்டும். அவள் பள்ளியில் இருந்தால் டீச்சர் மூலமாகச் சொல்லலாம். எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும்.

பள்ளியில் பேசாமல் இருப்பது திமிர் இல்லை, தொண்டை பயத்தில் பூட்டிக்கொள்கிறது. எல்லோர் முன்னாலும் ‘பேசு, வாயில என்ன கொழுக்கட்டையா’ என்றால் பூட்டு இன்னும் இறுகும். ஒருவேளை பேசிவிட்டால் கைதட்டுவதும் வேண்டாம். பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் நீங்களும் அவளும் மட்டும் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுங்கள். அங்கே உங்களோடு அவள் குரல் வரட்டும். சில நாள் கழித்து அவளுடைய ஒரு தோழி. அப்புறம் டீச்சர் கதவுப் பக்கம் நின்று வேறு வேலை பார்க்கட்டும், பிறகு பக்கத்தில் வரட்டும். வாரக் கணக்கில் ஆகும். டீச்சர் கேள்வி கேட்டால் தலையாட்டியோ எழுதியோ காட்ட அதுவரை விடச் சொல்லுங்கள்.

படுக்கையை நனைப்பதற்குத் திட்டவே கூடாது, தம்பி தங்கைகள் முன்னால் அதைப் பேசவும் கூடாது. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுங்கள், எரிச்சல் இருந்தாலும் இப்படி ஆகும். இரண்டு மூன்று வாரம் இதெல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. அவளுக்காக மட்டும் இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்காகவும்தான். மூன்று மாதம் சிறையில் இருந்தவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

*

எனக்குப் பத்தொன்பது வயது. தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். முன்பு போலச் சிரிப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. போன வாரம் அவள் கையில் கீறல்கள் பார்த்தேன், அவளே செய்துகொண்டது. உம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாப்பா வெளிநாட்டில். வெளியே தெரிந்தால் நாளைக்கு நிக்காஹ் பேச்சு வரும்போது பிரச்சினை ஆகும் என்று பயம்.
— ஒரு ராத்தா, கீழக்கரை

மகளே, இந்தச் சத்தியத்தை நீ மீறித்தான் ஆக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் இல்லை, அவளிடம் சொல்லிவிட்டு. ‘இதை நான் தனியாகச் சுமக்க முடியாது. உன்னைவிட எனக்குச் சத்தியம் பெரிசு இல்லை. உம்மாவிடம் நாம் சேர்ந்து சொல்வோம்’ என்று சொல்.

அதற்கு முன்னால் அவளோடு தனியாக உட்கார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்காதே, அது குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். ‘உனக்கு என்னமோ தாங்க முடியாமல் இருக்கிறது, அதைக் கேட்க நான் இருக்கிறேன்’ என்று சொல். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதே, வராது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆமாம் என்றால் அந்த நிமிஷத்திலிருந்து அவளைத் தனியாக விடாதே. உம்மாவிடம் உடனே சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 14416, பிள்ளைகளுக்கான 1098, இரண்டையும் உன் போனிலும் அவள் போனிலும் பதிந்து வை.

நிக்காஹைப் பற்றி உம்மா கவலைப்பட்டால் நான் சொன்னதாகச் சொல். மனநல மருத்துவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றதெல்லாம் அவள் நன்றாக இருந்தால்தானே.

நீயும் பத்தொன்பது வயசுப் பிள்ளைதான். உனக்கும் பேச ஆள் வேண்டும். எனக்கு மறுபடி எழுது.

*

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. மூளை வளர்ச்சி குறைவு, வலிப்பும் வரும். மருந்து கொடுத்தால் தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்று நிறுத்திவிட்டார்கள். மகனும் மருமகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இவனை ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்று பேச்சு நடக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த வயசில் என்னால் பார்த்துக்கொள்ள முடியுமா?
— ஒரு அப்பத்தா, சாயல்குடி பக்கம்

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்து மக்களும் போகிறோம். நம்பிக்கையோடு போய்த் துஆ கேட்டுவிட்டு வருவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அன்றைய செய்தியை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் நாடே விழித்தது. இப்போது யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டிலும் கட்டக் கூடாது.

மருந்தை நிறுத்தியது ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் பலமாக வரும், விடாமலும் வரும். தூக்கம் அதிகம் என்றால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். இந்த வாரமே போங்கள். வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் 108.

உங்களால் தனியாக முடியுமா என்றால், தனியாக முடியாது. எவராலும் முடியாது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவனுடைய அடையாள அட்டைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனு கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியரும் பிசியோதெரபி செய்பவரும் வீட்டுக்கே வருவார்கள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மகனிடம், மாதத்தில் இத்தனை நாள் வந்து இருக்க வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள், இரக்கம் பார்க்காமல்.

ஒன்று கேட்க வேண்டும். வலிப்பு, மருந்து, தூக்கம் எல்லாம் எழுதினீர்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதவில்லை. எதைக் கண்டால் சிரிப்பான்? யார் வந்தால் எழுந்து உட்காருவான்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள் அம்மா, அதிலிருந்து தொடங்குவோம்.